இல்லை என்பதன் காலம்

செந்தூலில் டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
செவ்வாய், வியாழன், இரவு எட்டு மணி.
பதினேழு நாற்காலி போட்டிருக்கிறேன்.
மூன்றில் ஆள்.
ஒன்றில் அந்தோணியம்மாளின் ஈரக்குடை.

பேர் கூப்பிடுவதை மட்டும் நான் விடவில்லை.

புஷ்பலீலா.
கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டை மாற்றிவிட்டார்களாம்.
கலியபெருமாள்.
லாரி ஜொகூரில் நிற்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார்.
படத்தில் லாரி இல்லை,
ஒரு தட்டு மீ கோரிங்.
தீர்க்க பகதூர்.
காவல் கூண்டுக்கு மாற்று ஆள் வரவில்லை.
வராத ஒருவனால் வர முடியாத ஒருவன்.
மல்லிகேஸ்வரியிடமிருந்து நாற்பது வினாடிக் குரல் பதிவு:
குழந்தை அழுகிறது, அழுகிறது, யாரோ கதவைச் சாத்துகிறார்கள்,
கடைசியில் அட்சரசுத்தமாய் ஒரு
"ஸாரி டீச்சர்."

நான் சொல்லித்தந்ததல்ல அந்தச் சொல்.
வரும்போதே எல்லோரும்
கொண்டு வந்திருந்தார்கள்.

இன்றைய பாடம் எதிர்மறை.
பலகையில் எழுதும்போதுதான் உறைத்தது,
நம் 'இல்லை'க்குக் காலமே கிடையாது.
நேற்று அவன் வீட்டில் இல்லை,
இன்று வேலை இல்லை,
நாளைக்கு வகுப்பு இல்லை.
ஒரே சொல், வாசலில் கிடக்கும் பொதுச் செருப்பு மாதிரி
எந்தக் காலுக்கும்.
ஆங்கிலத்துக்கோ ஒவ்வொரு இல்லாமைக்கும்
தேதி போட்டாக வேண்டும்.
வாஸ் நாட். இஸ் நாட். வில் நாட் பி.

அந்தோணியம்மாள் எழுதிக்கொண்டே கேட்டார்:
"செத்தவங்களுக்கு எதைப் போடணும், டீச்சர்?"
அவர் கணவர் போனது சென்ற தைப்பூசத்துக்கு மறுநாள்.
பேனா மூடியைத் தேடுவது போல் கொஞ்ச நேரம் தேடினேன்.
பின்வரிசையில் இருவரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூப்பிடாத பெயர் இன்னொன்று இருந்தது. கூப்பிட்டேன்.
யோகநாதன்.
ஐந்து வாரம். காரணமும் இல்லை, படமும் இல்லை.

ஒன்பதரைக்கு மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.
கைப்பேசியில் கார் கூப்பிட்டுவிட்டு
டயர் அடுக்குகளுக்கு நடுவே நின்றேன்.
செய்தி வந்தது: ஐ ஹேவ் அரைவ்ட்.
பொத்தானை அழுத்தினால் தானாகப் போகிற வாசகமில்லை,
ஓர் எழுத்து குறைகிறது.
ஆனால் ஹேவ் இருக்கிறது.
மூன்றாம் வாரம் தொண்டை வறள நடத்திய ஹேவ்.

கதவைத் திறந்தால் யோகநாதன்.
வானொலியைக் குறைத்தார். மறுபடி குறைத்தார்.
குறைக்க இனி ஒன்றுமில்லை.
"எட்டுலேர்ந்து பத்து வரைக்கும்தான் காசு, டீச்சர்."
நான் எதுவும் கேட்கவில்லை.
ஜாலான் ஈப்போ முழுக்கச் சிவப்பு விளக்கு,
கண்ணாடியில் வழிகிற சிவப்பு.
"போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் ஏறுனார்.
எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டார், சொல்லிட்டேன்.
எங்க படிக்கிறாங்கன்னார், சொல்லிட்டேன்.
அப்புறம் அவர் பேசிக்கிட்டே வந்தார்.
நான் ஏர்கோனைக் கூட்டி வெச்சேன்."

சிரிப்பு அடங்கியதும்,
வழி தெரியவில்லை என்பதை
மரியாதையாக எப்படிச் சொல்வதென்று கேட்டார்.
சொன்னேன். திருப்பிச் சொன்னார்,
வைப்பர் போய் வருகிற கணக்கில், மூன்று தடவை.
மூன்றாவதில் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்;
பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.

பதினொரு வெள்ளி ஐம்பது சென்.
செயலி ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டது.
"வேண்டாம்" என்று சொல்ல அவருக்கும் வழியில்லை,
"வெச்சுக்குங்க" என்று சொல்ல எனக்கும்.
"வியாழக்கிழமை?" என்றேன்.
"ஐ வில் ட்ரை, டீச்சர்."
பிழை ஏதுமில்லை அதில், இலக்கணத்தைப் பொறுத்தவரை.

மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் செயலி கேட்டது,
பயணம் எப்படி இருந்தது?
ஐந்து நட்சத்திரம் போட்டேன்.
ஓட்டுநரைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்றது.
கட்டம் சின்னது, பதிவேட்டில் இருப்பதைப் போல.
வந்திருந்தார்
என்று எழுதினேன்.